“இன்ட்ரொட்யூசர் யாரு?”: பேங்க் வாசலில் வட சென்னையின் நூறு வருஷம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

எம்.கே.பி. நகர்ல இருந்து பேசறேன்.

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி ரொம்ப சாதாரணமானது. ஒரு பேங்க்ல சேமிப்புக் கணக்கு தொடங்க ஏன் இவ்வளவு அலையணும்? போடப்போறது நம்ம காசு. அதை வச்சு சம்பாதிக்கப்போறது அவங்க. ஆனா கவுன்ட்டர் முன்னாடி நிற்கும்போது ஏதோ கடன் கேட்க வந்த மாதிரி நாமதான் கூனிக் குறுகி நிற்கிறோம். “அட்ரஸ் ப்ரூஃப் பழசு”, “ரென்டல் அக்ரிமென்ட் எடுத்துட்டு வாங்க”, “சர்வர் டவுன், திங்கட்கிழமை வாங்க”. இதுல ஒரு வரியாவது கேட்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க.

இதை ‘ஊழியர்கள் மோசம்’னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம். எனக்கு அது பத்தல. நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு சிஸ்டம் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப தப்பு பண்ணுதுன்னா, டிசைன்லயே ஏதோ இருக்குன்னுதான் முதல்ல தோணும். அதனால டிசைனோட வரலாற்றைத் தோண்டிப் பார்த்தேன். அது நம்ம ஏரியாவுல இருந்து ஒரு பஸ் தூரத்துல, பாரிஸ் கார்னர்லதான் ஆரம்பிக்குது.

1906: பேங்க்கை யார் சரிபார்த்தாங்க?

ராஜாஜி சாலையில ஒரு தடவை நடந்து பாருங்க. பழைய பேர் ஃபர்ஸ்ட் லைன் பீச். துறைமுகத்துக்கு எதிர்ல வரிசையா ஜி.பி.ஓ., ஸ்டேட் பேங்க்கோட பெரிய சிவப்புக் கட்டடம், இந்தியன் பேங்க், ரிசர்வ் வங்கி. மெட்ராஸ்ல பணம் எங்க உட்கார்ந்திருந்ததுன்னு அந்த ஒரே தெரு சொல்லிடும். ஸ்டேட் பேங்க் இருக்கிற கட்டடம் 1897-ல் ‘பேங்க் ஆஃப் மெட்ராஸ்’க்காகக் கட்டினது. 1843-ல் தொடங்கின அந்த வங்கி, 1921-ல் மத்த ரெண்டு மாகாண வங்கிகளோட சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆச்சு. அதுதான் 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆச்சு.

அந்தத் தெருவுல ‘அர்பத்நாட் அண்ட் கம்பெனி’ன்னு இன்னொரு பெரிய பேர் இருந்துச்சு. பாரி, பின்னி, அர்பத்நாட். மெட்ராஸோட மூணு பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள் இவைதான். அர்பத்நாட் வியாபாரமும் பண்ணும், வங்கி வேலையும் பண்ணும். ரிட்டயர் ஆன அரசு ஊழியர், வக்கீல், கணவரை இழந்த பெண்கள், சின்னச் சின்ன ஜமீன்கள்னு தெற்கு முழுக்க மக்கள் தங்களோட சேமிப்பை அங்கதான் போட்டு வச்சிருந்தாங்க. எதை நம்பி? அந்தப் பேரை நம்பி. ஆர்பத்நாட்னா அரசாங்கம் மாதிரின்னு ஒரு எண்ணம்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கதவை மூடிடுச்சு. திவால். லண்டன்ல இருந்த கூட்டாளி நிறுவனம் பண்ணின ஊக வியாபாரத்துல பணம் கரைஞ்சு போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களோட வாழ்நாள் சேமிப்பு ஒரே நாள்ல போச்சு. நிறுவனத்தோட தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மேல வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைச்சது. அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்கார ‘சர்’ ஜெயிலுக்குப் போறது சின்ன விஷயம் இல்லை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வாடிக்கையாளர் யாருன்னு பேங்க் சரிபார்க்கிறதுக்குப் பேர் கே.ஒய்.சி. 1906-ல் பிரச்சினை அதுக்கு நேர் எதிரானது. ஏமாத்தினது பேங்க். ஏமாந்தது வாடிக்கையாளர். பேங்க்கை சரிபார்க்க மக்கள் கையில ஒரு படிவம் கூட இல்லை.

இந்த இடிபாட்டுல இருந்துதான் இந்தியன் பேங்க் வந்தது. பணம் இழந்தவங்க தரப்புல நின்ன வக்கீல்கள்ல முக்கியமானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். ‘நம்ம பணத்தை நம்ம ஆளுங்களே பார்த்துக்கிற ஒரு வங்கி வேணும்’னு அவரும் மத்தவங்களும் கிளம்பினாங்க. சுதேசி அலை வேற அடிச்சுக்கிட்டு இருந்த நேரம். 1907 மார்ச்ல பதிவு, ஆகஸ்ட் 15-ல் திறப்பு. சுதந்திர தினத்துக்குச் சரியா 40 வருஷம் முன்னாடி! முதல் அலுவலகம் பாரி கட்டடத்துல. பிற்பாடு, விழுந்து போன அர்பத்நாட் இருந்த இடத்தையே வாங்கி அங்க போய் உட்கார்ந்தாங்க.

அருமையான கதைதான். ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ‘நம்ம ஆளுங்க’ன்னா யாரு? வக்கீல், வியாபாரி, நிலம் வச்சிருக்கிறவர். பெரம்பூர் மில்லுல நூல் ஓட்டினவர் அந்த ‘நம்ம’வுக்குள்ள வரலை.

மில் கேட்டுல நின்ன ஈட்டிக்காரர்

அதே 1906 நெருக்கடியில இன்னொரு நிறுவனமும் தள்ளாடுச்சு: பின்னி. அதை ஜேம்ஸ் மெக்கே, பின்னாடி இன்ச்கேப் பிரபு ஆனவர், வாங்கிக் காப்பாத்தினார். பின்னி கையிலதான் நம்ம பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள் இருந்துச்சு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்ல பழைய குடும்பங்கள்ல ‘எங்க தாத்தா பின்னி மில்லு’ன்னு சொல்லாத வீடு குறைவு. 1918 ஏப்ரல்ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த மில் வாசல்லதான். பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாரும் வந்து பேசினாங்க.

சங்கக் கதை பெரிய கதை, அதைத் தனி எபிசோடா பண்ணணும். இப்போ சம்பள நாளை மட்டும் பார்ப்போம்.

1929-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டது. ஜே.எச். விட்லி தலைவர். 1931-ல் வந்த அதோட அறிக்கை சொன்னது: பெரும்பாலான தொழில் நகரங்கள்ல மூணுல ரெண்டு பங்கு தொழிலாளர் குடும்பங்கள் கடன்ல இருக்கு, அவங்கள்ல பெரும்பாலானவங்களோட கடன் மூணு மாசச் சம்பளத்தை விட அதிகம். காரணம் புரியாதது இல்லை. சம்பளம் மாசம் ஒரு தடவை, அதுவும் தாமதமா. நடுவுல ஒரு காய்ச்சல், ஒரு பிரசவம், ஒரு சாவு வந்தா போதும், கடன்தான்.

கடன் குடுத்தது யாரு? வடமேற்குல இருந்து வந்த பட்டாணியர். தமிழ்ல அவருக்கு ‘ஈட்டிக்காரர்’னு பேர். ‘ஈட்டிக்காரன் மாதிரி வந்து நிக்கிறான்’னு எங்க ஆயா இன்னும் சொல்லும். சம்பள நாள்ல தடியோட மில் கேட்டுல நின்னு, தொழிலாளி வெளிய வந்ததும் வட்டியைப் பிடுங்கிக்கிறது இந்தியா முழுக்க நடந்த விஷயம். எந்த அளவுக்குன்னா, ‘கடன் வசூலுக்காகத் தொழிற்சாலையை முற்றுகை போட்டு நிற்கிறதைக் குற்றமாக்கணும்’னு அந்தக் கமிஷன் பரிந்துரை பண்ணுச்சு. 1934-ல் வங்காளம் அதுக்குத் தனிச் சட்டமே போட்டுச்சு.

இதுல ஈட்டிக்காரர் பக்கம் இருந்தும் ஒண்ணு பார்க்கணும். அவர் படிவம் கேட்கலை. அட்ரஸ் ப்ரூஃப் கேட்கலை. நேரா வீட்டுக்கு வந்தார், மூஞ்சியைப் பார்த்தார், காசு குடுத்தார். பேங்க்கோட அடையாளச் சோதனையில தோத்தவங்க எல்லாருக்கும் ஈட்டிக்காரரோட சோதனையில பாஸ்! அதுக்கான விலைதான் வட்டி.

சம்பளத்தை ஏன் பேங்க்ல போடலைன்னு கேட்பீங்க. சட்டமே அப்படி. 1936 ஊதியம் வழங்கல் சட்டத்தோட 6-வது பிரிவு, கூலியை நாணயமாவோ நோட்டாவோதான் கொடுக்கணும்னு சொல்லுச்சு. நல்ல எண்ணத்துலதான். முதலாளி சம்பளத்துக்குப் பதிலா அரிசி, துணி, கம்பெனிக் கடைச் சீட்டுன்னு தள்ளிவிடக் கூடாதுன்னு. 1976-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம்தான், தொழிலாளி எழுத்துல சம்மதிச்சா செக்காவோ பேங்க் வழியாவோ கொடுக்கலாம்னு ஆச்சு. அந்த எழுத்துச் சம்மதமும் தேவையில்லைன்னு ஆனது 2017-ல்.

ஆக, ஐ.டி.-ல நாம சேர்ற முதல் நாளே எச்.ஆர். மேசையில பத்து நிமிஷத்துல தொறக்கிற ‘சேலரி அக்கவுன்ட்’ நம்ம தாத்தாவுக்குக் கிடைக்கல. எனக்குக் கிடைச்சது என் திறமையால இல்லை. பின்னாடி ஒரு கம்பெனி லெட்டர்ஹெட் நின்னுச்சு, அவ்வளவுதான். அந்த லெட்டர்ஹெட்டோட பழைய பேர்தான் ‘இன்ட்ரொட்யூசர்’.

இன்ட்ரொட்யூசர் எங்கிருந்து வந்தார்?

உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. கணக்கு தொடங்கணும்னா, அந்த பிராஞ்சுல ஏற்கெனவே கணக்கு வச்சிருக்கிற ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். ‘எனக்கு இவரைத் தெரியும்’னு. தெருவுல ஒரு ஹெட்மாஸ்டரோ, ரேஷன் கடைக்காரரோ, துறைமுகத்துல நிரந்தர வேலை பார்க்கிறவரோ இருந்தா தப்பிச்சோம்.

இது ஏதோ மேனேஜர் கண்டுபிடிச்ச தொல்லைன்னு நான் நினைச்சிருந்தேன். இல்லை. இதுக்கு வேர் செக் சட்டத்துல இருக்கு. 1881-ல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம், 131-வது பிரிவு. சுருக்கமா சொல்றேன். ஒருத்தர் திருட்டு செக்கை உங்க பேங்க்ல போட்டு, நீங்க அதை வசூல் பண்ணிக் கொடுத்துட்டீங்கன்னு வைங்க. செக்கோட உண்மையான சொந்தக்காரர் பேங்க் மேல கேஸ் போடலாம். ஆனா பேங்க் நல்லெண்ணத்தோட, கவனக்குறைவு இல்லாம நடந்திருந்தா சட்டம் அதைக் காப்பாத்தும்.

எது கவனக்குறைவு? 1914-ல் இங்கிலாந்துல ‘லாட்புரோக் எதிர் டாட்’னு ஒரு வழக்கு. ஒரு திருடன் தபால்ல போன செக்கைத் திருடி, அதுல இருந்த பேரையே தன் பேர்னு சொல்லி, புதுசா கணக்கு தொடங்கி, செக்கைப் போட்டு, பணத்தை எடுத்துட்டு ஓடிட்டான். வந்தவர் யாருன்னு வங்கி விசாரிக்கவே இல்லை, அதனால அது கவனக்குறைவுதான், பாதுகாப்பு கிடையாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இந்த மாதிரித் தீர்ப்புகள் சேர்ந்து வங்கிகளுக்கு ஒரு பாடம் சொல்லுச்சு: அறிமுகம் இல்லாம யாரையும் உள்ளே விடாதே.

அதனால, இன்ட்ரொட்யூசர்ங்கிற ஏற்பாடு வாடிக்கையாளரைப் புரிஞ்சுக்க வந்தது இல்லை. நாளைக்கு கோர்ட்ல பேங்க் தன்னைக் காப்பாத்திக்க வந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. மிச்ச வரலாறு முழுக்க இதுலதான் தொங்குது.

எங்க தொழில்ல ஒரு பேச்சு உண்டு. எந்த லாகின் சிஸ்டமும் ரெண்டு விதமா தப்பு பண்ணலாம். உள்ளே விடக்கூடாதவரை விட்டுடலாம். விட வேண்டியவரை வெளிய நிறுத்திடலாம். முதல் தப்பு நடந்தா அலாரம் அடிக்கும், விசாரணை வரும், வேலை போகும். ரெண்டாவது தப்பு நடந்தா? ஒண்ணுமே ஆகாது. திருப்பி அனுப்பப்பட்டவர் டேட்டாபேஸ்லயே இல்லை. அவரைப் பத்தி ரிப்போர்ட் எழுத யாரும் இல்லை. முதல் தப்புக்கு மட்டும் தண்டனை இருக்கிற சிஸ்டம், வருஷா வருஷம் ரெண்டாவது தப்பை அதிகமாக்கிக்கிட்டே போகும்.

பர்மாவுல இருந்து வந்தவங்க

இன்ட்ரொட்யூசரே இல்லாத ஒரு கூட்டம் 1960-கள்ல மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்குச்சு. பர்மா தமிழர்கள்.

தமிழர்களுக்கும் பர்மா பேங்கிங்குக்கும் பழைய உறவு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்க பெரிய அளவுல வட்டித் தொழில் பண்ணினாங்க. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கினப்போ, காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன்னு மூணு இடத்துலயும் ஒரே நாள்ல கதவு திறந்தது. 

1962-ல் பர்மாவுல நே வின் ராணுவ ஆட்சி. 1963 பிப்ரவரியில எல்லா வங்கிகளையும் அரசு எடுத்துக்கிச்சு. 1964-ல் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கடைகள் போச்சு, சேமிப்பு போச்சு. லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கையில எடுத்துக்கிட்டு வர முடிஞ்ச கொஞ்சநஞ்சத்தோட கப்பல் ஏறினாங்க. அவங்கள்ல நிறைய பேர் குடியேறினது நம்ம வட சென்னையில. வியாசர்பாடி பக்கமும் எர்ணாவூர் பக்கமும் இன்னைக்கும் பர்மாக் குடும்பங்கள் இருக்கு. இங்க மாலை நேரத்துல சாப்பிடற அத்தோ, மொஹிங்கா எல்லாம் அந்தக் கப்பல்ல வந்ததுதான்.

இப்போ அவங்க ஒரு பேங்க் வாசல்ல நிற்கிறதா நினைச்சுப் பாருங்க. இந்த ஊர்ல நிரந்தர விலாசம் இல்லை. ‘எனக்கு இவரைத் தெரியும்’னு கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஈடு வைக்கச் சொத்து இல்லை. ஒரு பேங்க் சட்டத்தை வச்சுத்தான் அவங்களோட காசை எடுத்துக்கிச்சு ஒரு நாட்டுல. இன்னொரு நாட்டுல பேங்க்குக்கு அவங்க யாருன்னே தெரியல.

அரசு என்ன பண்ணுச்சு? இருக்கிற வங்கிகளை வளைக்கிறதுக்குப் பதிலா, தாயகம் திரும்பினவங்களுக்குன்னே ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்குச்சு. 1969-ல் சென்னையில ஆரம்பிச்ச ரெப்கோ பேங்க் அதுதான். பர்மாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் வந்தவங்க மறுவாழ்வுக்காக. இப்போ ரெப்கோ போர்டைப் பார்க்கிற நிறைய பேருக்கு அந்தப் பேர்ல இருக்கிற முதல் ரெண்டு எழுத்து ‘ரீபேட்ரியேட்’ங்கிற வார்த்தையில இருந்து வந்ததுன்னு தெரியாது. பாரிஸ் பக்கத்துல, பெரிய வங்கிக் கட்டடங்கள் இருக்கிற அதே ராஜாஜி சாலை நடைபாதையில பர்மா பஜார் உருவானதும் அதே காலத்துல. தெருவோட ஒரு பக்கம் மாகாண வங்கியோட தூண்கள், இன்னொரு பக்கம் கணக்கே இல்லாம தொழிலை மறுபடி ஆரம்பிச்சவங்க.

1969: கதவு திறந்தது, கவுன்ட்டர் திறக்கல

1969 ஜூலை 19. இந்திரா காந்தி அரசு 14 பெரிய வங்கிகளை தேசியமயமாக்குச்சு. இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ரெண்டும் அந்தப் பட்டியல்ல. அன்னைக்கு நாடு முழுக்க இருந்த வங்கிக் கிளைகள் 8,262 மட்டும்தான். ஏறத்தாழ 65,000 பேருக்கு ஒரு கிளை. அதுக்கு அப்புறம் கிளைகள் மளமளன்னு பெருகுச்சு. 1972-ல் ரொம்ப ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில கடன் தர்ற திட்டமும் வந்துச்சு.

காகிதத்துல எல்லாம் சரி. கவுன்ட்டர்ல என்ன நடந்ததுங்கிறதுக்கு மெட்ராஸ்லயே ஒரு சாட்சி இருக்கு. 1978-ல் ஜெயா அருணாசலம் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ தொடங்கினாங்க. காய் விக்கிறவங்க, பூ கட்டுறவங்க, இட்லிக்கடை வச்சிருக்கிறவங்க. தண்டல்காரர்கிட்ட காலையில வாங்கி சாயங்காலம் வட்டியோட திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருந்த பெண்கள். ஃபோரம் அவங்களைக் குழுவா சேர்த்து, தேசியமய வங்கிகள்ல கடன் வாங்கிக் கொடுத்துச்சு. பணம் ஒழுங்கா திரும்பி வந்தது. ஆனா பேங்க்குக்குப் போய் வர்றதே பெரும்பாடு. வியாபார நேரமும் பேங்க் நேரமும் ஒண்ணு. படிவம் புரியாது. மரியாதை கிடைக்காது. கடைசியில 1981-ல் அவங்களே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை வச்சு, கடனைத் தாங்களே நடத்த ஆரம்பிச்சாங்க.

பாருங்க, வரிசையா ஒரே விஷயம் நடக்குது. அர்பத்நாட் ஏமாத்தினதும் வக்கீல்கள் தனியா ஒரு பேங்க் தொடங்கினாங்க. பர்மாத் தமிழருக்குத் தனியா ஒரு பேங்க். பூக்காரம்மாவுக்குத் தனியா ஒரு சங்கம். ஒவ்வொரு தடவையும் வெளிய நின்னவங்க புதுக் கதவு கட்டிக்கிட்டாங்க. பழைய கதவு அப்படியே இருந்துச்சு. 1992-ல் நபார்டு 500 சுய உதவிக் குழுக்களோட முன்னோட்டம் பண்ணினப்போதான், பதிவு செய்யாத ஒரு பெண்கள் குழு தன் பேர்லயே வங்கிக் கணக்கு வச்சுக்கிறது பெரிய அளவுல சாத்தியமாச்சு. ‘ஒருத்தருக்கொருத்தர் நாங்களே அறிமுகம்’னு அவங்க சொன்னாங்க. இன்ட்ரொட்யூசரைத் தோற்கடிச்சது அந்த அக்காங்கதான்னு நான் சொல்வேன்.

வாடிக்கையாளர் சேவைக்கும் கமிட்டிகள் வந்துக்கிட்டே இருந்துச்சு. 1975-ல் தல்வார், 1990-ல் கோய்போரியா, 2010-ல் தாமோதரன். தலைமுறைக்கு ஒரு கமிட்டி.

ஆளுக்குப் பதிலா காகிதம், காகிதத்துக்குப் பதிலா விரல்

2002-ல் ரிசர்வ் வங்கி கே.ஒய்.சி. விதிகளைக் கொண்டு வந்தது. கருப்புப் பண மாற்றத்தைத் தடுக்கிற உலகளாவிய நெருக்கடி ஒரு பக்கம். அமெரிக்காவுல நடந்த 2001 தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத நிதி பத்தின பயம் இன்னொரு பக்கம். 2005-ல் பணமோசடித் தடுப்புச் சட்டமும் அமலுக்கு வந்தது. ‘உன்னை யாருக்குத் தெரியும்’ங்கிற கேள்வி ‘உன்கிட்ட என்ன காகிதம் இருக்கு’ன்னு மாறிடுச்சு.

கேட்க நியாயமா இருக்கு. ஹெட்மாஸ்டர் தயவு வேண்டாம், காகிதம் போதும். ஆனா யார்கிட்ட காகிதம் இருக்கு? வட சென்னையில வாடகை வீட்டுல 20 வருஷம் இருந்தாலும் கரன்ட் பில் ஹவுஸ் ஓனர் பேர்ல. அக்ரிமென்ட் கேட்டா ‘அதெல்லாம் எதுக்கும்மா’ம்பார். கால்வாய் ஓரக் குடிசையை எடுத்து இன்னொரு இடத்துக்கு மாத்தினா, ஒரே நாள்ல ஒரு தெருவோட எல்லாக் காகிதமும் பழசாயிடும்.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். அதனாலதான் 2005-லயே ‘நோ ஃப்ரில்ஸ்’ கணக்கு வந்தது. குறைஞ்ச காகிதம், குறைஞ்ச இருப்பு. புதுச்சேரி மங்கலம் கிராமத்துல எல்லாக் குடும்பத்துக்கும் கணக்கு தொடங்கி, ‘முழுக்க வங்கி வசதி பெற்ற முதல் இந்தியக் கிராமம்’னு பேர் வாங்கிக் கொடுத்தது எந்த பேங்க் தெரியுமா? இந்தியன் பேங்க். நம்பினவங்க ஏமாந்த கோபத்துல பிறந்த வங்கி, எல்லாரையும் நம்பிப் பார்க்க கிட்டத்தட்ட 100 வருஷம் ஆச்சு.

அப்புறம் ஆதார், 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன் தன். ஒரே நாள்ல 1.5 கோடி கணக்கு. இந்த வேகத்தை நான் மறுக்கல. எங்க தெருவுல பாதிப் பேருக்கு முதல் பாஸ்புக் அப்போதான் வந்தது. ஆனா இந்தக் கதவுக்கும் ஒரு வடிகட்டி இருக்கு. வீட்டு வேலை செஞ்சு, மீன் சுத்தம் பண்ணி, இரும்பு வெட்டி விரல் ரேகை தேய்ஞ்சவங்களை மெஷின் ‘மறுபடி வைங்க, மறுபடி வைங்க’ன்னு நிக்க வைக்கும். காகிதம் இல்லாம நின்னவர் இப்போ விரல் இல்லாம நிற்கிறார்.

எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்களோட போன வருஷம் ஒரு பேங்க்குக்குப் போனேன். ஆதார்ல பழைய விலாசம். முதல் நாள் ‘விலாசம் மாத்திட்டு வாங்க’. ரெண்டாவது தடவை ரேகை பதியல. மூணாவது தடவை ‘மினிமம் பேலன்ஸ் அக்கவுன்ட்தான் இருக்கு’ன்னாங்க. அக்கா என்கிட்ட சொன்னது: “விடு தம்பி, எனக்கு மூணு நாள் கூலி போச்சு. சீட்டுலயே போட்டுக்கிறேன்.” சிஸ்டத்தோட ரெண்டாவது வகைத் தப்பு அது. எந்த ரிப்போர்ட்லயும் வராது.

ஆனா ஒருத்தரோட மறுப்பு ரிப்போர்ட்ல வந்துச்சு. அமில வீச்சுல பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், ஒரு வங்கிக் கணக்கு தொடங்கப் போனாங்க. கேமரா முன்னாடி கண் சிமிட்டினாதான் ‘உயிரோட இருக்கிற ஆள்’னு மெஷின் ஒத்துக்கும். அவங்களால சிமிட்ட முடியாது. அவங்க விடல, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு: டிஜிட்டல் சேவைகளை அணுகுறது வாழ்வுரிமையோட ஒரு பகுதி, கே.ஒய்.சி.-ல மாற்று வழிகள் இருந்தே ஆகணும். திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தர் தானே ரிப்போர்ட் எழுதினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

இது ஏன் இப்போ முக்கியம்?

முன்னெல்லாம் பேங்க் கணக்கு இல்லைன்னா சேமிக்க முடியாது, அவ்வளவுதான். இப்போ கூலி, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன், கேஸ் மானியம் எல்லாமே கணக்கு வழிதான். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கின மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கு மேலான பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய். அந்த முதல் தவணையிலயே சில வங்கிகள் ‘மினிமம் பேலன்ஸ் இல்லை’ன்னு பிடிச்சுக்கிட்டதா புகார் வந்து, மாநில நிதியமைச்சர் கண்டிக்க வேண்டி இருந்துச்சு. 1936-ல் கூலி முழுசா கைக்கு வரணும்னு சட்டம் போட்டோம். கைக்கும் கூலிக்கும் நடுவுல இப்போ நிக்கிறது ஈட்டிக்காரர் இல்லை, ஒரு கணக்கு வகை.

அதனால சில விஷயங்களைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. உங்களுக்கு இல்லைன்னாலும் உங்க தெருவுல ஒருத்தருக்குத் தேவைப்படும்.

ஒண்ணு. ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’, சுருக்கமா பி.எஸ்.பி.டி. கணக்கு. மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஏ.டி.எம். கார்டு இலவசம். 2012-ல் இருந்து வங்கிகள் இதைத் தந்தாகணும். ‘இல்லை’ன்னா பேரைச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டு. அடையாளக் காகிதமே இல்லாதவங்களுக்கு ‘சிறு கணக்கு’ உண்டு. ஒரு போட்டோ, அதிகாரி முன்னாடி ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு. வருஷத்துக்கு மொத்தம் 1 லட்சம் வரை வரவு, மாசம் 10,000 வரை எடுக்கலாம், இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. 12 மாசத்துக்குள்ள காகிதத்துக்கு விண்ணப்பிச்சதைக் காட்டினா இன்னொரு 12 மாசம் நீளும்.

மூணு. ஆதார் வழி இ-கே.ஒய்.சி. பண்ணும்போது இப்போ இருக்கிற விலாசம் வேறன்னா, அதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். பழைய விலாசத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினா இந்த விதியைச் சொல்லுங்க.

நாலு. புகாரை எழுத்துல கொடுத்து, தேதியோட முத்திரை வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா, பதில் திருப்தி இல்லைன்னா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட இலவசமா போகலாம். 14448-க்கு போன் பண்ணி எப்படின்னு கேட்கலாம்.

இந்த நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கவுன்ட்டர்ல இருக்கிறவங்க நம்ம எதிரி இல்லை. ஆள் பத்தாத பிராஞ்சுல, ஒரு தப்பான ஆளை உள்ளே விட்டா மெமோ வரும்ங்கிற பயத்துல வேலை செய்றவங்க. ஒரு சரியான ஆளைத் திருப்பி அனுப்பினா எதுவும் வராது. எழுத்துல புகார் கொடுக்கும்போது அந்தக் கணக்கு மாறுது. திருப்பி அனுப்பப்பட்டவர் முதல் தடவையா ஒரு பதிவேட்டுல ஏறுறார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு லீவு எடுக்க முடியாது, இங்கிலீஷ் படிவம் வராது, விதி நம்பர் தெரியாது. நமக்கு இது மூணும் கொஞ்சம் வரும். இந்த எபிசோடைக் கேட்டதுக்குக் கைமாறா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க: அடுத்த சனிக்கிழமை உங்க தெருவுல ஒருத்தருக்கு அந்தப் புகாரை எழுதிக் கொடுங்க. ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமைன்னா பேங்க் லீவு. அன்னைக்கு உட்கார்ந்து எழுதி வச்சு, திங்கட்கிழமை கொடுத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.